பேர் சொல்லக் கூடாதுன்னு சொன்ன தியேட்டர் ஆபரேட்டர் ஐயாவுக்கு

மறுபடி வெளியிட நாங்கள் புதுப்பிக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நெகட்டிவ் (மூலச் சுருள்) கிடையாது. கிடைத்தது ஒரே ஒரு 35 எம்.எம். பிரின்ட், 14 ரீல். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் அழுக ஆரம்பித்தால் இப்படித்தான்: சுருங்கும், வளையும், ஓரத் துளைகள் பல்சக்கரத்தில் உட்காராது. ஸ்கேன் செய்ய அணுகிய இடத்தில், "இது மெஷினில் ஓடாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள் ஐயா. ஏழு நாள். பருத்தி உறை போட்ட விரலால் ஓரத்தைத் தடவியே கிழிசல் எங்கே என்று சொன்னீர்கள். 1000 அடி ரீல் திரையில் 11 நிமிஷம்தான். அதைச் சரிசெய்ய உங்களுக்கு அரை நாள் பிடித்தது. பழைய ஒட்டுகளைப் பிரித்து, சுரண்டி, பிலிம் சிமென்ட் என்ற பசை தடவி மறுபடி ஒட்டினீர்கள். காசு வாங்கவில்லை. டீ மட்டும், அதுவும் சர்க்கரை இல்லாமல்.

பிறகு ஸ்கேன் செய்த படத்தில், ரீல் முடிவில் வலது மேல்மூலையில் வரும் வட்டப் புள்ளியை அழுக்கென்று நினைத்து கம்ப்யூட்டரில் அழித்துக்கொண்டிருந்தோம். "அது அழுக்கில்ல தம்பி, அடுத்த மெஷினை ஓட்டுன்னு எங்களுக்குச் சொல்ற சைகை" என்றீர்கள். (இரண்டு மெஷினில் ரீலை மாற்றி மாற்றி ஓட்டும் தியேட்டருக்குத்தான் அது. ஒற்றை மெஷின் டென்ட் கொட்டகையில் அதற்கு வேலையே இல்லை, ரீல் மாற்ற இடைவேளைதான்.) அழித்ததையெல்லாம் திரும்ப வைத்துவிட்டோம்.

படத்தை வெளியிடும் உரிமைக்கான பேச்சு இன்னும் இழுக்கிறது. படம் வெளிவரும் அன்று முன்வரிசையில் உங்களுக்கு ஒரு சீட் ஐயா. பின்னாடி, மெஷின் ரூம் பக்கம்தான் வேண்டுமென்றாலும் சரி.