புல்வெளிக்கும் கணக்கேட்டில் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மேல்மலையில் அந்நிய மரங்களை அகற்றும் பணி குறித்து நாளிதழ்களில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. எத்தனை ஹெக்டேரில் எவ்வளவு மரம் வெட்டப்பட்டது என்ற விவரம் அவற்றில் தவறாமல் இருக்கிறது. வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்குப் பின் என்ன முளைத்தது என்பது மட்டும் எழுதப்படுவதே இல்லை. உதகையில் நீண்ட காலம் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், விடுபட்டுப்போகும் அந்தப் பகுதியைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் நடைக்குச் செல்லும் வழியில் ஒரு சரிவு உண்டு. அங்கிருந்த சீகை மரங்களைச் சில ஆண்டுகளுக்கு முன் அடியோடு வெட்டி, லாரிகளில் ஏற்றிச் சென்றார்கள். பல்லாண்டுகளுக்குப் பிறகு அந்த மலையின் முதுகு தெரிந்ததைக் கண்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். இரண்டு மழைக்காலம் கழித்துப் பார்த்தபோது கால் வைக்க இடமின்றி இடுப்பளவு உயரத்திற்குச் சீகைக் கன்றுகளே எழுந்து நின்றன. முன்பு மரங்களுக்கு இடையே நடந்து போக முடிந்தது. இப்போது அதுவும் முடியவில்லை.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நீலகிரியில் நாம் சீகை என்று அழைக்கும் வாட்டில் மரம் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. (தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய்க்கும் இதற்கும் தூரத்து உறவு உண்டு, ஆனால் அது நம் மண்ணின் கொடி, இது கடல் கடந்து வந்த மரம்.) இதன் விதையுறை மிகக் கடினமானது. ஆண்டுதோறும் உதிரும் விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு காத்துக் கிடக்கும். தீ பட்டாலோ, மேலே இருந்த நிழல் விலகி வெயில் மண்ணைத் தொட்டாலோ அவை ஒருசேர முளைத்துவிடும். வெள்ளி வாட்டில் என்ற இனமோ வேரிலிருந்தே புதுத் தளிர் விடக்கூடியது. ஆகவே மரத்தை வெட்டி எடுத்துச் செல்வது மட்டுமே ஒப்பந்தத்தில் இருக்குமானால், நாம் செய்வது அடுத்த தலைமுறைச் சீகைக்கு நிலத்தைத் திறந்துவிடும் வேலைதான்.

இம்மரங்கள் 1840களில் ஆங்கிலேயரின் விறகுத் தேவைக்காக இங்கு கொண்டுவரப்பட்டவை. விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையையும், கூழுக்காகக் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸையும் நாமே பரந்த அளவில் நட்டோம். நட்ட இடம் பெரும்பாலும் புல்வெளி. அன்றைய ஆவணங்களின் பார்வையில் அது வெறும் தரிசு. மரமில்லாத மலை என்றால் யாரோ காட்டை அழித்துவிட்டார்கள் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இன்றளவும் இருக்கிறது. உண்மை வேறு. நீலகிரியின் சதுப்புகளில் பாதி மக்கிய செடிகொடிகளாக அடுக்கடுக்காகப் படிந்துள்ள கரிமண்ணை ஆராய்ந்து 1993இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு புல் ஓங்கியிருந்ததைக் காட்டியது. மலை மடிப்புகளில் ஈரமும் காற்றுத் தடுப்பும் உள்ள இடத்தில் சோலை என்ற அடர்ந்த மலைக்காடு, திறந்த சரிவுகளில் புல் என்ற அமைப்பு அவ்வளவு பழையது. குளிர்கால இரவுகளில் திறந்த வெளியில் விழும் உறைபனி சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடுவதும் அந்த எல்லையைக் காத்து வந்த காரணங்களுள் ஒன்று. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரத்துக்கு அந்தப் பனி ஒரு பொருட்டில்லை என்பதால்தான், சோலையால் ஏற முடியாத சரிவில் சீகை ஏறிவிட்டது.

இந்தப் புல்லை நம்பி வாழும் உயிர்களுக்கு மாற்றிடம் கிடையாது. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. நம் மாநில விலங்கான வரையாடும் அப்படித்தான்; 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகளே தென்பட்டன. தோடர் மக்கள் தம் கோயில்களுக்குக் கூரை வேயும் புல் சதுப்பு ஓரங்களில் வளர்வது. அந்தச் சதுப்புகளின் கரைவரை சீகை வந்துவிட்ட பிறகு, அவர்களின் எருமைகளுக்கு மேய்ச்சலும் கூரைக்குப் புல்லும் சேர்ந்தே குறைந்தன.

இது மலையில் வாழ்வோரின் கவலை மட்டுமன்று. உதகையில் உள்ள மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி மையம் கிளென்மார்கன் பகுதியில் அருகருகே இருந்த இரு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டது. ஒன்றை இயற்கையாக விட்டு, மற்றொன்றின் 59 விழுக்காட்டுப் பரப்பில் 1972இல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் அங்கிருந்து வடிந்த நீரின் அளவு சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டி, கட்டையிலிருந்து மறுதளிர் வளர்ந்த இரண்டாம் சுழற்சியில் இழப்பு இன்னும் கூடியது. பவானியையும் மோயாறையும் நம்பி நிற்கும் சமவெளி விவசாயிகள் இந்த ஆய்வை அறிந்திருக்க வேண்டும் என்று நான் பல காலமாக விரும்பி வருகிறேன்.

இத்தனை தெரிந்தும் புல்வெளி ஏன் மீளவில்லை? பழனி மலையில் நான்கு பத்தாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களின் துணையோடு ஆய்வாளர்கள் 2018இல் நிறுவினார்கள். அப்படியிருந்தும் அந்த இழப்பு அரசின் வனப்பரப்புக் கணக்கில் இழப்பாகப் பதிவாகவில்லை என்பதே என் மனத்தை உறுத்துகிறது. இந்திய வன நிலை அறிக்கையின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மர விதானம், அதாவது மரக்கிளைகளின் இலைக்கூரை, 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், அது எந்த இன மரமாக இருந்தாலும் வனப்பரப்புதான். அதாவது, புல்வெளியைச் சீகை விழுங்கும்போது நம் வனப்பரப்பு வளர்கிறது. அந்தச் சீகையை அகற்றிப் புல்லை மீட்டால் வனப்பரப்பு குறைகிறது. நல்ல வேலை செய்யும் வன அலுவலர் தம் கோட்டத்தின் கணக்கில் குறைவு காட்ட நேர்வதும், ஒன்றும் செய்யாதவர் கூடுதல் காட்ட முடிவதும் சரியா என்று அரசு எண்ணிப் பார்க்க வேண்டும். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் இயக்கம் 2022இல் தொடங்கப்பட்டதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த இலக்கை நோக்கிய ஓட்டத்தில் எஞ்சியுள்ள புல்மேடுகளில் குழி தோண்டிவிடக் கூடாது. நல்லெண்ணத்தோடு பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து, இயற்கையான புல்மேட்டில் மரக்கன்று நட வைத்த நிகழ்ச்சி ஒன்றை நானே நேரில் பார்த்து வருந்தியிருக்கிறேன். பிள்ளைகள் அவ்வளவு ஆர்வத்தோடு தோண்டிக்கொண்டிருந்ததால், அந்த இடத்தில் நின்று தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதே 2022இல் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையும் வெளியிட்டது. கொள்கையின் தலைப்பிலேயே சூழல் மீட்பும் இடம்பெற்றிருப்பது நிறைவளிக்கிறது. களத்தில் அந்த மீட்புக்கு உரிய ஆண்டுகளும் பணமும் ஒதுக்கப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. வெட்டிய ஒவ்வொரு சரிவிலும் குறைந்தது பத்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் மழைக்குப் பின் கன்றுகளை வேரோடு பிடுங்க ஆட்கள் வேண்டும். அந்த வேலையைத் தோடர், இருளர், குறும்பர் குடும்பங்களுக்கு நிலையான கூலியோடு அளிக்கலாம். பூர்வீகப் புல் தானாக வராத இடங்களில் நட்டுப் பரப்ப, புல் நாற்றங்கால்கள் வேண்டும். மரக்கன்று நாற்றங்கால்களை ஊர்தோறும் அமைத்த நமக்கு இது முடியாத வேலையன்று. புல் மீளும்வரை காலி நிலத்தைப் பிடிக்கக் காத்திருக்கும் ஐரோப்பிய மஞ்சள் பூப் புதர்களான கார்ஸ், ஸ்காட்ச் புரூம் ஆகியவற்றின் மீதும் கண் வைக்க வேண்டும்.

எல்லாச் சீகையையும் ஒரே மூச்சில் வெட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அத்தகைய மழையில் செங்குத்தான சரிவை மொட்டையாக விட்டால் மண் தங்காது. சோலையை ஒட்டிய சில பழைய தோட்டங்களில் சீகையின் நிழலிலேயே சோலை மரக் கன்றுகள் வளர்ந்து வருவதையும் பார்க்கிறோம். அங்கே கோடரியைத் தள்ளி வைத்துவிட்டுப் பொறுத்திருப்பதே சரி. புல்வெளிக்குள் அண்மையில் நுழைந்த, இன்னும் அடர்த்தியாகாத இளம் சீகைகளிலிருந்து தொடங்கினால் செலவும் குறையும், மண்ணில் விதை சேர்வதற்கு முன்பே வேலையும் முடியும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்நிய மரம் அகற்றப்பட்ட செய்தியை வெளியிடும்போது அந்த இடத்தின் பெயரையும் நாளையும் குறித்து வைத்து, இரண்டு மழைக்காலம் கழித்துத் தங்கள் செய்தியாளரை மீண்டும் அதே சரிவுக்கு அனுப்பி, அங்கு நிற்பது புல்லா சீகையா என்பதைப் படத்துடன் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
உதகமண்டலம்.