சென்னிமலைப் படிகளில் பார்த்தது

பெருந்துறை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ இங்கிருந்து கிளம்பிப் போய் இருபது நாள் ஆகிறது. மூன்று முறை கூப்பிட்டும் "அப்புறம் பேசறேன்பா" என்ற ஒரு வரிதான் வந்தது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

உன் பெரியப்பா மகன் போன வாரம் வாலிபால் ஆடும்போது, எகிறி அடித்துவிட்டு இறங்கியவன் எதிராளியின் பாதத்தின் மேல் கால் வைத்துவிட்டான். பாதம் உள்பக்கமாக மடங்கியதில் கணுக்காலின் வெளிப்பக்க ஜவ்வு இழுபட்டு, அரைமணி நேரத்தில் வீங்கிவிட்டது. நான்கு அடி நடக்கச் சொன்னேன், முடியவில்லை. அப்படியென்றாலோ, கணு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும் என்று அழைத்துப் போனேன். முறிவு இல்லை, சுளுக்குதான். பெரியம்மா நல்லெண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்தார். முதல் இரண்டு மூன்று நாளைக்குச் சூடும் தேய்ப்பும் ஆகாது, உள்ளே கசியும் இரத்தம் கூடிவிடும் என்று தடுத்து, துணியில் சுற்றிய ஐஸை இருபது நிமிடம் வைத்துவிட்டு, காலைத் தலையணைமேல் தூக்கி வைக்கச் சொன்னேன். பெரியம்மாவுக்கு என்மேல் வருத்தம்தான்.

நீ கபடி ஆடுவதற்கு முன் உடம்பைச் சூடாக்கிக்கொள்கிறாயா? சூடேறாத தசையோடு ஓடினால் பின்தொடை சட்டென்று பிடித்து இழுக்கும். மறுநாள் அங்கே நீலம் பாயும். தோள் நழுவினால் பக்கத்தில் இருப்பவர்களை இழுத்துப் பொருத்த விடாதே. தலையில் அடிபட்டு, தலை சுற்றினாலோ, வாந்தி வந்தாலோ, புள்ளிக்கணக்கு மறந்துபோனாலோ, அன்று மறுபடியும் களத்தில் கால் வைக்காதே. எல்லாவற்றையும்விட முட்டியைப் பார்த்துக்கொள்.

முட்டியைப் பற்றித்தான் எழுத வந்தேன், கண்ணு. சென்னிமலையின் 1320 படிகளையும் நீ மூச்சு வாங்காமல் ஏறுவாய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இந்த முறை இறங்கும்போது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்துச் சேர்த்து இறங்கினாய். திருப்பத்தில் பூக்காரம்மாவுக்கு வழிவிடத் திரும்பியபோது இடது முட்டி ஒரு கணம் நழுவியதுபோல் ஆட, உன் முகம் வெளுத்தது. "செருப்பு வழுக்கிடுச்சு" என்றாய். படியில் எல்லோரும் வெறுங்காலோடு இருந்தோம்.

எனக்குத் தெரியாததா? நீ பதினொன்றாம் வகுப்பு படித்தபோது, அரையிறுதியில் பாடிப் போய்த் திரும்புகையில், ஒருத்தி உன் பாதத்தைப் பிடித்திருக்க உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே "டப்" என்று கேட்டது என்று என்னிடம் சொன்னாய். இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பப்பாளிபோல் ஆகிவிட்டது. அடிபட்ட சத்தமும், சில மணி நேரத்திலேயே வரும் வீக்கமும், திரும்பினால் முட்டி நழுவுவதும் சேர்ந்தால், முட்டிக்குள் குறுக்காக ஓடும் முன் ஜவ்வு கிழிந்திருக்கலாம் என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். அது பெண்பிள்ளைகளுக்கு ஆண்களைவிட அதிகம் கிழிகிறதாம். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். அன்று எக்ஸ்ரே பார்த்து, "எலும்பு நன்றாக இருக்கிறது, வீக்கம் வடிந்ததும் மறுபடி வாருங்கள்" என்றார்கள். எனக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது.

மறுபடி அழைத்துப் போகவில்லை. கட்டுப் போடுபவரிடம் கொண்டுபோய், நீ அலற அலறத் தேய்க்கச் சொன்னேன். பத்தாம் நாள் தேர்வுக்குழு வருகிறது என்று முட்டிக்கு இறுக்கமாகத் துணி சுற்றி உன்னைக் களத்தில் இறக்கியதும் நான்தான். பயிற்சியாளரிடம் சொல்லாதே என்றும் சொன்னேன். நீ தேர்வானாய், அந்தப் பெருமையை இத்தனை ஆண்டுகள் தோளில் சுமந்தேன், உன் முட்டியை மறந்துவிட்டு. வலித்தாலும் வாய் திறக்காத பழக்கத்தை உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். இன்று நீ பேசாமல் இருப்பதற்கு உன்மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அப்படி நழுவும் முட்டியோடு ஆடிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் குருத்தெலும்புச் சவ்வும் கிழியும், மூட்டு சீக்கிரம் தேயும். எல்லோருக்கும் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. தொடைத் தசையைப் பயிற்சியால் வலுவாக்கியே சமாளிப்பவர்களும் உண்டு. செய்தாலும் களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும். ஆகட்டும். வேலை போய்விடுமோ, குழுவில் இடம் போய்விடுமோ என்று பார்க்காதே, முட்டியைப் பார்த்துக்கொள்.

வெள்ளி இரவு ரயிலில் ஏறிச் சனிக்கிழமை காலை உன் அறைக்கு வருகிறேன். எலும்பு மருத்துவரிடம் இருவரும் போவோம். எப்போது, எப்படி அடிபட்டது என்று அவர் கேட்பார். அரையிறுதியைச் சொல், "டப்" என்று கேட்டதைச் சொல். பத்தாம் நாளே ஆட வைத்தது யார் என்று கேட்டால், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேனே என்று தயங்காமல் அதையும் சொல்.

அன்புடன்,
அப்பா