உலகக் கோப்பைக் கோடையும் வீரர்களின் விலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகக் கோப்பை, யூரோ கோப்பை, கோபா அமெரிக்கா ஆகிய பெருந்தொடர்கள் நடைபெறும் மாதங்களில் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை விடாமல் படித்துவரும் வாசகன் என்ற முறையில், அப்பக்கத்தில் கால்பந்துக்குக் கிடைக்கும் சிறிது இடம் எதற்குச் செலவாகிறது என்பது பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். ஐரோப்பாவில் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை மணிக்குத்தான் தொடங்குகிறது. அது முடிவதற்குள் வெளியூர்ப் பதிப்புகள் அச்சாகி வண்டியேறிவிடுகின்றன. முடிவு தெரியாத ஆட்டத்துக்கு ஒதுக்கிய இடத்தை எதைக் கொண்டாவது நிரப்ப வேண்டிய நெருக்கடி ஆசிரியர் குழுவுக்கு உண்டு என்பதை அறிவேன். ஆனால் அந்த இடத்தை நிரப்புவது பெரும்பாலும், இன்ன வீரர் இன்ன கிளப்புக்குச் செல்கிறாரா என்று கேள்விக்குறியோடு முடியும் தலைப்பும், அதன் கீழே கேள்விக்குறியே இல்லாத ஒரு பெருந்தொகையும்தான்.

வதந்திகள் வேண்டாம் என்று நான் கோரவில்லை. அவை இல்லாத டிரான்ஸ்பர் காலம், அதாவது கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்கும் காலம், ரசிகர்களுக்குச் சப்பென்று இருக்கும், எனக்கும் அப்படித்தான். தொடரில் நன்றாக ஆடினார், அதனால் விலை ஏறியது என்ற ஒரே விளக்கத்தோடு செய்தி நின்றுவிடுகிறதே, அதுதான் என் குறை. வீரரின் வயது என்ன, பழைய கிளப்போடு அவருக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஒப்பந்தம் மீதமிருக்கிறது, பணம் எப்படித் தரப்படுகிறது என்ற மூன்றும் சொல்லப்படாதவரை அந்தத் தொகை வாசகருக்கு எதையும் விளக்குவதில்லை.

2014ஆம் ஆண்டு பிரேசிலில் நடந்த உலகக் கோப்பையை எடுத்துக்கொள்ளலாம். ஜூன் 28 அன்று மரக்கானா மைதானத்தில் உருகுவே அணிக்கு எதிரான இரண்டாவது சுற்று ஆட்டத்தில், கோல் வலைக்கு முதுகு காட்டி நின்ற கொலம்பியாவின் ஹாமெஸ் ரோட்ரிகஸ், சக வீரர் தலையால் தட்டிவிட்ட பந்தை நெஞ்சில் தாங்கி, அது தரையைத் தொடும் முன்பே திரும்பி, இடது காலால் அடித்தார். பந்து மேல்கம்பத்தின் அடிப்பகுதியில் பட்டு உள்ளே விழுந்தது. அந்த ஆண்டின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருது அதற்கே கிடைத்தது. காலிறுதியோடு கொலம்பியா வெளியேறிய போதிலும் ஆறு கோல்களுடன், அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியும் அவருக்கே. ஜூலை மாதம் முடிவதற்குள் ரியல் மாட்ரிட் கிளப் அவரை மொனாக்கோவிடமிருந்து சுமார் 8 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. ஓராண்டுக்கு முன்புதான் மொனாக்கோ அவரைப் போர்ட்டோவிடமிருந்து 4.5 கோடி யூரோவுக்கு வாங்கியிருந்தது.

அதே கோடையில், அதே உலகக் கோப்பையிலிருந்து, அதே ரியல் மாட்ரிட் வேறு இருவரையும் எடுத்தது. ஒருவர் கோப்பையை வென்ற ஜெர்மனியின் நடுகள வீரர் டோனி குரூஸ். அரையிறுதியில் பிரேசில் அணியை 7-1 என்று நொறுக்கிய ஆட்டத்தில் இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு கோல் அடித்தவர். அவருக்குக் கொடுக்கப்பட்டது சுமார் 2.5 கோடி யூரோ என்றே அப்போது செய்திகள் கூறின. மற்றவர் கோஸ்டா ரிக்காவின் கோல்கீப்பர் கெய்லர் நவாஸ். உருகுவே, இத்தாலி, இங்கிலாந்து என்று மூன்று முன்னாள் சாம்பியன்கள் இருந்த பிரிவில் தம் அணி முதலிடம் பிடிக்கக் காரணமாக இருந்து, கிரீஸுக்கு எதிரான பெனால்டி ஷூட்அவுட்டில் ஒரு உதையைத் தடுத்து, ஐந்து ஆட்டங்களில் இரண்டே கோல்கள் விட்டவர். அவர் விலை 1 கோடி யூரோ மட்டுமே.

தொடரில் ஆடிய ஆட்டம்தான் விலை என்றால், இந்த மூன்று தொகைகளுக்கும் இடையிலுள்ள இவ்வளவு பெரிய வேறுபாட்டை எப்படி விளக்குவது? ஹாமெஸுக்கு 23 வயது. மொனாக்கோவோடு செய்துகொண்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டுகள் பாக்கி. விற்க வேண்டிய கட்டாயம் அந்தக் கிளப்புக்கு இல்லை. குரூஸுக்கோ பேயர்ன் மியூனிக் கிளப்போடு ஒரே ஓர் ஆண்டுதான் மீதம். அதைப் புதுப்பிக்கும் பேச்சு முறிந்திருந்தது. அப்போது விற்காவிட்டால் அடுத்த ஆண்டு காசில்லாமல் அவரை இழக்க வேண்டியிருக்கும். நவாஸின் லெவான்டே ஒப்பந்தத்திலோ விடுவிப்புத் தொகை, அதாவது எந்தக் கிளப் கட்டினாலும் அவரை விட்டுவிட வேண்டிய தொகை, முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. அவர் எத்தனை உதைகளைத் தடுத்திருந்தாலும் அந்த எண் மாறியிருக்காது. மூவரின் விலையையும் தீர்மானித்த காகிதங்கள் முதல் ஆட்டத்துக்கான விசில் ஒலிக்கும் முன்பே கையெழுத்தானவை.

பின்னர் நடந்ததும் எல்லோரும் அறிந்ததே. குரூஸ் பத்து ஆண்டுகள் அங்கே ஆடி ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை ஐந்து முறை வென்றார். நவாஸ் முதல் ஆண்டு மூத்த கோல்கீப்பர் காசியாஸுக்குப் பின்னால் காத்திருந்து, அதன் பிறகு முதன்மைக் கோல்கீப்பராக மூன்று சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளைத் தொடர்ச்சியாக வென்றார். ஹாமெஸுக்கு முதல் ஆண்டு மிக நன்றாகவே அமைந்தது. ஆனால் 2017 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியின்போது ஆட்ட நாள் பட்டியலில்கூட அவர் பெயர் இல்லை, அந்தக் கோடையிலேயே தற்காலிகமாக ஆட, கடன் அடிப்படையில் பேயர்னுக்கு அனுப்பப்பட்டார்.

இன்னொரு செய்தியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மரக்கானாவில் ஹாமெஸ் அந்தக் கோலை அடித்த அன்று உருகுவே அணியில் லூயிஸ் சுவாரஸ் இல்லை. நான்கு நாட்களுக்கு முன்பு இத்தாலியின் கியெல்லினியைத் தோளில் கடித்ததற்காக நான்கு மாதத் தடை பெற்றிருந்தார். உலகமே முகம் சுளித்த அந்த மனிதரை, அக்டோபர் இறுதிவரை களமிறக்க முடியாது என்று தெரிந்தும், பார்சிலோனா அடுத்த மாதமே ஏறக்குறைய ஹாமெஸுக்குத் தரப்பட்ட அதே தொகைக்கு வாங்கியது. லிவர்பூல் அணிக்காக முந்தைய பிரீமியர் லீக் பருவத்தில் அவர் அடித்த 31 கோல்களுக்கான விலை அது. தங்கக் காலணிக்கும் கடிபட்ட தோளுக்கும் சந்தை கிட்டத்தட்ட ஒரே தொகையைத்தான் கொடுத்தது.

ஹாமெஸின் கதை அங்கே முடியவில்லை. எனக்கு அதில் பிடித்த பகுதியும் பின்னால்தான் வருகிறது. 2024 ஜூலை 15 அன்று நம் ஊர் ரசிகர்களுக்குத் தூங்கா இரவு. நள்ளிரவு தாண்டி பெர்லினில் ஸ்பெயினும் இங்கிலாந்தும் யூரோ கோப்பை இறுதியில் மோதின. விடிந்ததும் மியாமியில் தென் அமெரிக்க நாடுகளின் தொடரான கோபா அமெரிக்கா இறுதி, அதுவும் நுழைவாயிலில் ஏற்பட்ட நெரிசலால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகத் தொடங்கியது. அந்தக் கோபாவில் ஆறு கோல்களுக்கு வழியமைத்துக் கொடுத்து, ஒரே தொடரில் யாரும் எட்டாத எண்ணிக்கையைத் தொட்டு, தொடரின் சிறந்த வீரராகத் தேர்வானவர் ஹாமெஸ். இறுதியில் அர்ஜென்டினாவிடம் கூடுதல் நேரத்தில் கொலம்பியா தோற்றது. பத்து ஆண்டுகளுக்கு முன் உலகக் கோப்பையில் செய்ததை ஏறக்குறைய மீண்டும் செய்துகாட்டியவருக்கு அந்தக் கோடையில் பெரிய கிளப் எதுவும் கதவைத் திறக்கவில்லை. மாட்ரிட் நகரின் வல்லேகாஸ் பகுதியைச் சேர்ந்த சிறிய கிளப்பான ராயோ வல்லேகானோ, டிரான்ஸ்பர் தொகை ஏதுமின்றி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கும் சில ஆட்டங்களே கிடைத்தன. 2025 ஜனவரியில் விலகினார். இறுதிப் போட்டிக்கு இரண்டு நாட்கள் முன்பு அவருக்கு 33 வயது நிறைவடைந்திருந்தது என்பதைத் தவிர இதற்கு விளக்கம் தேட வேண்டியதில்லை.

அதே யூரோ கோப்பையில் ஜெர்மனிக்கு எதிரான காலிறுதியில், 119ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி ஸ்பெயினுக்கு வெற்றி தேடித்தந்த மிக்கேல் மெரினோவைப் பற்றியும் நம் பத்திரிகைகள் எழுதின. ஸ்டுட்கார்ட்டின் அதே மைதானத்தில் 1991ஆம் ஆண்டு ஒசாசுனா அணிக்காகக் கோல் அடித்த அவருடைய தந்தை, மூலைக்கொடியைச் சுற்றி ஓடிக் கொண்டாடியதைப் போலவே மகனும் ஓடினார். குரூஸின் கடைசி ஆட்டமும் அதுவே. ஆனால் ஆகஸ்ட் இறுதியில் ஆர்செனல் மெரினோவை 3 கோடி யூரோவுக்குச் சற்று அதிகமான தொகைக்கு வாங்கியபோது, ஐரோப்பிய சாம்பியன் ஒருவர் ஏன் அவ்வளவு மலிவாகக் கிடைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. ரியல் சோசியடாட் கிளப்போடு அவருக்கு மீதமிருந்தது ஓராண்டு ஒப்பந்தம் மட்டுமே. குரூஸின் கணக்குதான் மீண்டும் வந்தது.

தொடர் உண்மையிலேயே விலையை உயர்த்துவதும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. 2022 கோடையில் போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப், அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் கிளப்பிடமிருந்து அந்நாட்டு வீரர் என்சோ பெர்னாண்டஸை வாங்கியபோது முதல் தொகை 1 கோடி யூரோ அளவில்தான் இருந்தது. அந்த ஆண்டு கத்தாரில் நடந்த உலகக் கோப்பையில் முதல் இரண்டு ஆட்டங்களிலும் மாற்று வீரராக இறங்கியவர், மெக்சிகோவுக்கு எதிராக ஒரு கோல் அடித்து, பின்னர் அணியில் நிலைத்து, கோப்பையோடு தொடரின் சிறந்த இளம் வீரர் விருதையும் பெற்றார். 2023 ஜனவரியின் கடைசி நாளில் செல்சி அவருக்காக ஒப்புக்கொண்டது 12.1 கோடி யூரோ. இங்கும் அந்தத் தொகையை மட்டும் அச்சிட்டால் பாதிச் செய்திதான் கிடைக்கும். பணம் தவணைகளில் தரப்பட்டது. வீரரோடு எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போடப்பட்டதால், கணக்குப் புத்தகத்தில் ஆண்டுக்கு 1.4 கோடி யூரோ அளவிலேயே செலவு காட்ட முடிந்தது. இந்த உத்தியைக் கண்டுதான் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா, 2023 கோடை முதல், எவ்வளவு நீண்ட ஒப்பந்தமானாலும் செலவை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பரப்பிக் காட்டக் கூடாது என்று விதி செய்தது. பென்ஃபிகாவுக்குக் கிடைத்ததில் நான்கில் ஒரு பங்கு உரிமை ரிவர் பிளேட்டிடம் இருந்தது. இவை தவிர, நாடு விட்டு நாடு மாறும் வீரரின் தொகையில் 5 விழுக்காடு, அவருக்கு 12 வயதிலிருந்து 23 வயது வரை பயிற்சியளித்த கிளப்புகளுக்குச் சேர வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. ஒரு தொகைக்குப் பின்னால் இவ்வளவு கைகள் இருக்கின்றன.

விலை கொடுத்தாலும் ஆள் களத்துக்கு வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. யூரோ 2024இல் அதிக கோல் அடித்தவர்களில் ஒருவரான டானி ஓல்மோவை 5.5 கோடி யூரோவுக்கு வாங்கிய பார்சிலோனா, ஸ்பெயினின் முதல்நிலை லீகான லா லீகாவின் செலவு வரம்பு காரணமாக அவரைப் பருவத்தின் முதல் ஆட்டங்களில் பதிவுசெய்யவே முடியாமல் தவித்தது. வேறொரு வீரரின் காயத்தைக் காரணம் காட்டிப் பெற்ற பதிவும் டிசம்பர் 31 அன்று காலாவதியாகி, ஸ்பெயின் அரசின் விளையாட்டு மன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்த பிறகே அவர் மீண்டும் ஆட முடிந்தது.

இவ்வளவுக்கும் மேலாக, சந்தையின் பரபரப்பு தொடரையே கெடுத்த நிகழ்வும் உண்டு. 2018 ஜூன் 12 அன்று, ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் ஸ்பெயினின் முதல் ஆட்டத்துக்கு மூன்று நாட்கள் இருக்கும்போது, அந்நாட்டுப் பயிற்சியாளர் ஜூலன் லோபெடெகி அடுத்து தங்களிடம் வருவதாக ரியல் மாட்ரிட் அறிவித்தது. மறுநாளே ஸ்பெயின் கால்பந்துச் சங்கம் அவரை நீக்கியது. இரண்டு ஆண்டுகளாகத் தோல்வியே காணாத பயிற்சியாளரை இழந்த அணி, இரண்டாவது சுற்றில் போட்டியை நடத்திய ரஷ்யாவிடம் பெனால்டியில் தோற்று ஊர் திரும்பியது. லோபெடெகியை ரியல் மாட்ரிட்டும் அக்டோபர் மாதமே அனுப்பிவிட்டது. அதே தொடரில் பிரான்சும் பெல்ஜியமும் அரையிறுதியில் மோதிய ஜூலை 10 அன்றுதான், பத்து நாட்களுக்கு முன்பே தொடரிலிருந்து வெளியேறிவிட்ட போர்ச்சுகலின் ரொனால்டோ, ரியல் மாட்ரிட்டிலிருந்து ஜுவென்டஸுக்கு மாறும் அறிவிப்பும் வந்தது. மறுநாள் எந்தச் செய்தி பெரிய எழுத்தில் வந்தது என்பதை அந்நாளைய பத்திரிகைகளைப் புரட்டினால் காணலாம்.

2026ஆம் ஆண்டின் உலகக் கோப்பை ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகளில் 48 அணிகளோடு நடைபெறுகிறது. 104 ஆட்டங்களில் பெரும்பாலானவை நமக்கு நள்ளிரவுக்கும் காலைக்கும் இடையில் வரும். அச்சுப் பதிப்பில் முடிவுகள் விடுபடும் நாட்கள் முன்பைவிட அதிகமாகவே இருக்கும். அந்நாட்களில் காலியாகும் இடத்தில், முந்தைய நாள் முடிந்த ஆட்டங்களுக்கு ஒரு நாள் தாமதமானாலும் விரிவான விமர்சனம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முடிவு தெரிந்த பிறகும் விமர்சனத்தைத் தேடிப் படிக்கும் வாசகர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். டிரான்ஸ்பர் செய்திகளைப் பொறுத்தவரை, கிளப் அறிவித்ததா அல்லது வெளிநாட்டுப் பத்திரிகை எழுதியதா என்பதை முதல் வரியிலேயே குறிப்பிட்டு, வீரரின் வயது, பழைய ஒப்பந்தம் முடியும் ஆண்டு, உறுதியான தொகை, நிபந்தனையோடு கூடிய தொகை ஆகியவற்றைச் செய்தியின் அடியில் ஒரு வரியாகத் தந்தால் போதும். நான்கு விவரங்களும் கிடைக்காத செய்தி ஒருநாள் காத்திருக்கலாம். வீரர்களை வாங்கும் காலம் எப்படியும் ஆகஸ்ட் இறுதிவரை நீளக்கூடியதுதான்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி