வளைவில் வழுக்குகிறது, அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைநாள் விபத்துச் செய்தி என்றாலே அதிவேகம், நிலைதடுமாறி விழுந்தார் என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. ஓட்டியவர் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே வளைவில் மழைக்கு மழை ஆள் விழுந்தால் அந்த ரோட்டையும் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டாமா?

எங்கள் ஊர் பைபாஸ் வளைவில் சக்கரம் ஓடும் தடத்தை மட்டும் பாருங்கள். வெயிலுக்குத் தார் மேலே கசிந்து ஜல்லியை மூடிவிட்டது, மூடாத இடத்திலும் லாரி டயர் தேய்த்துத் தேய்த்து ஜல்லியின் முனையெல்லாம் மழுங்கி கூழாங்கல் மாதிரி வழவழவென்று கிடக்கிறது. குழி ஒன்றுகூட இல்லை என்பதால் புகார் கொடுத்தால் 'ரோடு நல்லாத்தானே இருக்கு' என்று அனுப்பிவிடுகிறார்கள். கோடை முழுக்கச் சேர்ந்த எண்ணெயும் தூசியும் முதல் தூறலில் குழையும்போதுதான் அந்த நல்ல ரோட்டின் லட்சணம் தெரியும், அதிலும் பைக்கில் போகிறவருக்கு.

பிடிமானம் பாதியாகக் குறைந்தால் பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் இரண்டு மடங்காகிறது. 60 கி.மீ. வேகத்தில் 20 மீட்டரில் நிற்க வேண்டியது 40 மீட்டர் போய்விடும்.

பிரிட்டனில் 1988 முதல் முக்கிய நெடுஞ்சாலைகளுக்கு ஈரப் பிடிமான அளவு என்று ஒன்று உண்டு. தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, சாய்வாகப் பூட்டிய சக்கரம் ஒன்றை உருட்டியபடி லாரி போய் அளக்கும். வளைவுக்கும் சந்திப்புக்கு முன்னாலும் நேர் ரோட்டை விட அதிகப் பிடிமானம் கேட்கிறார்கள், குறைந்தால் அந்த இடத்தை ஆராய்ந்தே ஆக வேண்டும். நம் மத்திய சாலை அமைச்சக விதிமுறையிலும் மேல்தளத் தார்க்கலவை ஜல்லியின் மெருகேறாத தன்மை, அதாவது டயர் தேய்த்தாலும் வழவழப்பாகாமல் தாங்கும் அளவெண், 55-க்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. சரி, ஆனால் அது ரோடு போடும் முன் ஜல்லிக்குச் செய்யும் சோதனை. நாலு மழைக்காலம் ஓடிய பிறகு என்ன மிச்சம் என்பதல்லவா எங்களுக்குத் தெரிய வேண்டும்?

அதற்குப் பெரிய லாரிகூட வேண்டாம். ஊசல் நுனியில் ரப்பர் துண்டு பூட்டிய ஒரு கருவி இருக்கிறது, ஈரமாக்கிய ரோட்டில் உரசிவிட்டு ஊசல் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதை வைத்தே பிடிமானத்தைச் சொல்லிவிடும். அடிக்கடி ஆள் விழும் வளைவுகளிலாவது மழைக்கு முன் அளந்து, அளவை வெளியிடுங்கள். குறைந்த இடத்தில் மேல்தளத்தைச் சுரண்டிச் சொரசொரப்பாக்குங்கள், மோசமான வளைவுகளில் எளிதில் தேயாத சுட்ட பாக்சைட் (அலுமினியத் தாது) துகளைப் பசை போட்டு ஒட்டுங்கள். அதுவரை 'ஈரத்தில் வழுக்கும்' என்று ஒரு பலகையாவது வையுங்கள்.

இப்படிக்கு,
தினமும் பைக்கில் போகும் வாசகர் ஒருவர்