தார் சுற்றும் பெரியம்மாவுக்கும் எங்கள் தெருவுக்கும்

திருபுவனத்தில் எங்கள் தெரு உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நேற்று தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தப் புள்ளிப் புத்தகத்தை மறுபடியும் என் முன்னால் விரித்தார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும், நிறம் தெரிகிறதா என்று சோதிக்கும் புத்தகம். இரண்டு மாதத்துக்கு முன் முதல் பக்கத்தைத் தாண்ட முடியாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில், நேற்று ஒவ்வொரு பக்கமாகச் சொல்லிக்கொண்டே போனேன். டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டு, "போய்த் தறியில் உட்காருங்கள்" என்றார். பஸ் பாபநாசம் வந்து சேர்வதற்குள் இந்த மடலை மனத்துக்குள் பாதி எழுதிவிட்டேன்.

எனக்குக் காசநோய் வந்ததும் மாத்திரை தொடங்கியதும் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

மாத்திரை தொடங்கிய நான்காம் மாதத்திலேயே எனக்குக் கண் மங்கத் தொடங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், இருமல் திரும்பிவிடும் என்று ஒரு பயம். நிறம் தெரியாதவனை நம்பி யார் நெய்வதற்குப் பாவு நூல் கொடுப்பார்கள் என்று இன்னொரு பயம். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சேலையின் முந்தி வந்தது. அரக்கும் பாட்டில் பச்சையும் மாறிமாறி வர வேண்டிய வரிகள். பச்சை வர வேண்டிய இடத்தில் அரக்கு நூல் சுற்றிய தாரைத் தறி நாடாவில் போட்டு ஒரு வரி முழுவதும் நெய்து முடித்திருக்கிறேன்.

பார்த்தவர் எங்களுக்குத் தார் சுற்றிக் கொடுக்கும் பெரியம்மா. அவர் சத்தம் போடவில்லை. மற்ற தறிக்காரர்கள் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து, கதவைச் சாத்திவிட்டு, தறியருகே வந்து உட்கார்ந்தார். தவறிப்போன மூன்று விரல் அகலத்தையும் பாவு இழை ஒன்றுகூட அறுந்துவிடாமல் குறுக்கு இழை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நான் கைகட்டி நின்றுகொண்டிருந்தேன். பிறகு ராட்டையடியிலிருந்து இரண்டு தார்களை எடுத்து வந்து, "இது என்ன நிறம், தம்பி?" என்றார். அரக்கு என்றேன். "இது?" அதையும் அரக்கு என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும்தான் எனக்கு உடம்பு நடுங்கியது.

"முதல் நாள் மாத்திரை கொடுக்க வந்த பெண், சிவப்பு பச்சை என்று ஏதோ சொன்னாளே?" என்று கேட்டார். திண்ணையில் தார் சுற்றிக்கொண்டே அதைக் கேட்டிருக்கிறார். பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ உடனே சொல்லுங்கள் என்றுதான் அந்தச் சுகாதாரப் பணியாளர் சொன்னார். எனக்கென்று சொன்னது எனக்கு மறந்துவிட்டது, அவருக்கு நினைவிருந்தது.

அப்படியானால் இன்றே எல்லா மாத்திரையையும் விட்டுவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் கோபப்பட்டார். "நீயாக விடவும் கூடாது, நீயாக மறைக்கவும் கூடாது. கொடுத்தவர்களிடம் வந்து சொல்." மறுநாள் தன் கூலியை விட்டுவிட்டு, என் மாத்திரை அட்டைகளை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு, என்னோடு பஸ் ஏறினார்.

எதாம்பியூட்டால் என்ற மருந்து சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்குமாம். அதை மட்டும் நீக்கிவிட்டு, மற்ற மருந்துகளைத் தனியாகத் தந்தார்கள். சிகிச்சை ஒரு நாளும் நிற்கவில்லை. இன்னும் சில வாரம் மறைத்திருந்தால் போன பார்வை திரும்பாமலே போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, பெரியம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பெரியம்மா, கூலி போன நாளுக்குப் பணம் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டீர்கள். இந்த மடலையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

வாராவாரம் வண்டியில் வந்து அட்டையை எண்ணிப் பார்த்த பணியாளர், கண் பிரிவு டாக்டர்கள், வேலை செய்யாத நாட்களிலும் முன்பணம் தந்து பாவை என் தறியிலேயே விட்டுவைத்த முதலாளி, முட்டையும் பாலும் கொண்டுவந்து வைத்த பக்கத்து வீட்டார், எனக்கென்று தனி டம்ளர் வைக்காத டீக்கடை அண்ணன், எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு மடல் எழுத வேண்டும், கை ஓடவில்லை.

என் தாத்தா காலத்தில் இந்த நோய் வந்தால் செங்கிப்பட்டி காசநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. வீட்டிலேயே மருந்து என்றால், அந்த மருந்தைக் கவனிக்கிற கண்ணும் வீட்டிலும் தெருவிலும்தானே இருக்க வேண்டும். அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தத் தெருவில் யாருக்கு இந்த மாத்திரை தொடங்கினாலும் முதல் நாளே என்னைக் கூப்பிடுங்கள். சிறுநீர் சிவப்பாகப் போவதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்றும், கண்ணோ சிறுநீரோ மஞ்சளாகி வாந்தி வந்தால் கீழாநெல்லியைத் தேடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றும், கை கால் மதமதத்தாலும் மறைக்காதீர்கள் என்றும் நானே வந்து உட்கார்ந்து சொல்கிறேன். எந்த நேரமானாலும் வருகிறேன்.

இன்னும் பதினோரு நாள் மாத்திரை மீதம் இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டுதான் தறிக்குப் போகிறேன். வாசலிலேயே பெரியம்மா ஒரு தாரைத் தூக்கிக் காட்டி நிறம் கேட்கிறார். சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.