பிக் பிளைண்டில் கால் எது, பிளஃப் எது: முரளிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் நலம்.

பிக் பிளைண்டில் (சீட்டைப் பார்க்குமுன்னே 1 பிளைண்ட் கட்டாயமாக வைக்கும் இடம்) உட்கார்ந்து ஆடியதாக நீ எழுதி அனுப்பிய போக்கர் கைகளை எல்லாம் பார்த்தேன். ஃப்ளாப்புக்கு (நடுவில் முதலில் விழும் மூன்று பொதுச் சீட்டு) முன்னால் உன் ஆட்டத்தில் பெரிய தப்பில்லை, அதற்கப்புறம்தான் கோளாறு. பெரிய கை விழுந்தால் மட்டும் செக்-ரெய்ஸ் (முதலில் சும்மா விட்டு, அவன் வைத்ததும் ஏற்றுவது), மற்றதற்கெல்லாம் கால் (அவன் வைத்ததற்குச் சமமாக வைப்பது), கடைசிச் சீட்டான ரிவரில் மனசுக்குத் தோன்றியபடி. நீ ரெய்ஸ் பண்ணினால் கையைப் போட்டுவிடலாம், கால் பண்ணினால் தைரியமாக அடிக்கலாம் என்று எதிராளி இரண்டே நாளில் தெரிந்துகொள்வான்.

முதலில் விலை. பட்டன் (கடைசியாகப் பேசும் இடத்துக்காரன்) 2.5 பிளைண்டுக்குத் திறந்து ஸ்மால் பிளைண்ட் (அரை பிளைண்ட் வைத்தவன்) ஒதுங்கினால், உன் 1-ஐயும் சேர்த்து நடுவில் 4 கிடக்கும். நீ போட வேண்டியது 1.5. அதை, நீ போட்டபின் ஆகும் 5.5-ஆல் வகுத்தால் 27 சதவீதம், அவ்வளவாவது ஜெயித்தால்தான் கால் கட்டும். அவன் 3-க்குத் திறந்தால் அதுவே 31 ஆகிவிடும். டோர்னமென்ட்டில் 1 பிளைண்ட் ஆன்ட்டியும் (கூடுதல் கட்டாயப் பணம்) சேர்ந்து அவன் 2-க்குத் திறந்தால் 18 சதவீதம்தான், அங்கே சூட்டட் (இரண்டும் ஒரே சின்னம்) கைகளில் பெரும்பாலானவற்றை விடவே கூடாது. கேஷ் ஆட்டத்தில் கணக்கு இறுகும். ஹவுஸ் ரேக் (கமிஷன்) எடுக்கிறது, நீயோ ஃப்ளாப்பிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பேச வேண்டியவன். கிங்-4 ஆஃப்சூட் (சின்னம் வேறு வேறு) மாதிரிக் கைகளுக்கு அந்த 27 காகிதத்தில் இருக்கும், கைக்கு வந்து சேராது.

3-பெட் (அவன் திறந்ததன்மேல் நீ மறுபடி ஏற்றுவது) பற்றிக் கேட்டிருந்தாய். 11-க்கு ஏற்றினால் நீ கூடுதலாக வைப்பது 10, அள்ளப் பார்ப்பது 4. கையில் ஒன்றுமே இல்லாவிட்டால் அவன் நூற்றுக்கு 71 தடவைக்கு மேல் கையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். யார் அவ்வளவு ஓடுகிறார்கள்? அதனால்தான் கால் விழுந்த பிறகும் ஏதாவது ஆகக்கூடிய கையாக இருக்க வேண்டும். ஏஸ்-5 முதல் ஏஸ்-2 வரை, சூட்டட். உன் ஏஸ் ஒன்றாலேயே அவன் கையில் ஏஸ் ஜோடி வரும் வழி 6-லிருந்து 3 ஆகிறது, ஏஸ்-கிங் 16-லிருந்து 12 ஆகிறது.

இப்போது செக்-ரெய்ஸ். ஃப்ளாப் ஆட்டின் 9, ஆட்டின் 6, கிளாவர் 2. பாட் (நடுவில் கிடப்பது) 5.5, அவன் 1.8 வைக்கிறான், நீ 6.5-க்கு ஏற்றுகிறாய். மதிப்புக்கு (பலமான கையோடு, அவன் கால் பண்ணட்டும் என்று) ஏற்றும் கைகள்: கையிலேயே 6 ஜோடி 3 விதம், 2 ஜோடி 3, சூட்டட் 9-6 மூன்று. மொத்தம் 9 காம்போ (சீட்டுச் சேர்க்கை). ஃப்ளாப்பில் பிளஃப் (பலமில்லாமலே அவனை ஓட வைக்க அடிப்பது) இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்குவரை தாங்கும், ஏனென்றால் அந்தக் கைகளும் ஜெயிக்கக்கூடியவை, இன்னும் இரண்டு சீட்டு வர வேண்டியிருக்கிறது. சூட்டட் 8-7, 8-5, 7-5, 10-8 நான்கையும் எடுத்தால் 16. போதும். நான்காவது சீட்டான டர்னில் இந்தப் பதினாறையும் சுடாதே, அதாவது எல்லாவற்றையும் வைத்து மறுபடி அடிக்காதே. ஆட்டினோ, ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) உதவும் சீட்டோ வந்தால் தொடர். கருப்பு ஏஸோ கிங்கோ விழுந்தால் ஆட்டின் இல்லாத 8-5, 10-8 இரண்டையும் விட்டுவிடு. பாட் அளவுக்கு அடிக்கும் ரிவரில் இரண்டு நல்ல கைக்கு ஒரு பிளஃப்தான் நிற்கலாம்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நல்ல டிரா (இன்னும் ஒரு சீட்டு வந்தால் பெரிதாகும் கை) எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் கால் பண்ணும் பக்கத்தில் சோப்ளாங்கி ஜோடிகள்தான் மிஞ்சும், டர்னில் பெரிதாக அடித்தால் மொத்தமாகச் சரியும். ஏஸ் ஆட்டின் டிராவில் பாதியைக் காலிலேயே வைத்திரு. கையில் ஒரே ஒரு 6 இருந்து ஃப்ளாப்பின் 6-ஓடு ஜோடியான கையை பிளஃப் என்று நினைத்து ஏற்றாதே, அது கால் பண்ணவேண்டிய கை.

ரிவர் காலைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். உன் மூன்றாவது கையையே எடுத்துக்கொள். நடுவில் ஆட்டின் கிங், ஆட்டின் 8, கிளாவர் 4, ஸ்பேடு 2, டைமண்ட் ராணி. பாட் 20, அவன் 20 வைக்கிறான், உனக்கு 33.3 சதவீதம் வேண்டும். உன் கை கிளாவர் கிங், கிளாவர் 9. அவன் மதிப்புக்கு வைக்கக்கூடியவை: ஏஸ்-கிங் 8, கிங்-ராணி 6, சூட்டட் கிங்-8 இரண்டு, ராணி, 8, 4, 2 ஜோடிகள் மும்மூன்றாக 12, கிங் ஜோடி 1. ஆக 29. தவறிப்போன ஆட்டின் டிரா: ஏஸோடு ஜாக், 10, 9, 7, 6, 5, 3 என்று ஏழு, ஜாக்-10, ஜாக்-9, 10-9, 10-7, 9-7, 7-6, 7-5, 6-5 என்று எட்டு. ஆக 15. 44-ல் 15 என்றால் 34 சதவீதம், கால் பண்ணலாம்.

அதே கையில் கிளாவர் 9-க்குப் பதில் ஆட்டின் 9 இருக்கட்டும். ஏஸ்-9, ஜாக்-9, 10-9, 9-7 நான்கும் அவனிடம் இருக்க முடியாது. 40-ல் 11, அதாவது 27.5 சதவீதம். ஃபோல்ட். இரண்டும் அதே ஒரு ஜோடி கிங், அதே கிக்கர் (ஜோடியோடு வரும் பக்கச் சீட்டு)! தவறிய டிராவின் சின்னம் உன் கையில் இருந்தால் கால் பண்ணத் தயங்கு. நீயே பிளஃப் அடிக்கும்போதும் அந்தச் சீட்டு உதவாது, ஓடவேண்டிய கைகளைத்தான் அது அடைத்து வைத்திருக்கும்.

இந்த 15-ஐயும் அவன் சுடுவான் என்று வைத்துத்தான் கணக்குப் போட்டேன். சின்ன மேசைகளில் பலர் ரிவரில் அவ்வளவு துணிவதில்லை. அவன் பாதியைத்தான் சுடுகிறான் என்று தெரிந்தால் கிளாவர் 9 இருந்தாலும் கையைப் போட்டுவிடு. ஃப்ளாப்பில் பாட்டின் மூன்றில் ஒரு பங்கு பெட்டுக்கு 75 சதவீதம் எதிர்த்து நிற்க வேண்டும் என்று எவனாவது சொன்னாலும் கேட்காதே. ஏஸ் விழுந்த ஃப்ளாப்பில் அவன் கைகள் உன்னுடையதைவிட பலமானவை, அங்கே மீதி 25-ஐவிடக் கூடுதலாகவே கைகளை விடலாம்.

நான்காவது கையில் அவன் டர்னில் எவ்வளவு வைத்தான் என்று நீ எழுதவில்லை. அதையும், அவனுடைய டர்ன் பிளஃப்களை நீயே எண்ணிப் பார்த்து ஒரு பட்டியலையும் அனுப்பு. சேர்த்துப் பார்ப்போம்.

அன்புடன்,
ரகு