மாணவியர் விளையாட்டுப் பயிற்சி: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

சென்ற ஆண்டு விளையாட்டு விழாவுக்கு மறுநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் அறைக்கு வந்தாள். "கபடியில நாங்களும்தானே ஜெயிச்சோம் மிஸ்? பசங்களுக்குக் கோப்பை, எங்களுக்கு மட்டும் ஏன் டிபன் பாக்ஸ்?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பரிசுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

அன்று எனக்கு தீபிகா பல்லிக்கல் நினைவுக்கு வந்தார். சென்னைப் பெண். சுவரில் பந்தை மட்டையால் அடித்து ஆடும் ஸ்குவாஷ் விளையாட்டின் தரவரிசையில் உலகின் முதல் பத்து பேருக்குள் வந்தவர். தேசியப் போட்டியில் பெண்களுக்குப் பரிசுத் தொகை குறைவு என்பதால், 2012 முதல் 2015 வரை அந்தப் போட்டியில் அவர் ஆடவே இல்லை. நன்றாக ஆடிக்கொண்டிருந்த வயதில் நான்கு ஆண்டுப் பட்டங்களை விட்டுக்கொடுப்பது லேசான காரியமா? இடையில், 2014இல், சக வீராங்கனை ஜோஷ்னா சின்னப்பாவோடு சேர்ந்து கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினார். அப்போதும் அவர் இறங்கி வரவில்லை. 2016இல் தொகையைச் சமமாக்கிய பிறகுதான் திரும்ப ஆட வந்தார்.

இனி நம் பள்ளியில் இருபாலருக்கும் ஒரே கோப்பை. மைதானமும் வாரத்தில் மூன்று நாள் மாணவியருக்கு.

ஆனால் மைதானத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது. ஆறாம் வகுப்பில் துள்ளி ஓடிய பிள்ளைகள், ஒன்பதாம் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். கேட்டால், "வயசுக்கு வந்துட்ட, போதும்னு அம்மா சொல்லிட்டாங்க" என்கிறார்கள். வெயிலில் கறுத்துவிடுவாள், வயிற்றுக்கு ஆகாது என்று உங்களில் சிலர் என்னிடமே சொல்லியிருக்கிறீர்கள். நெடுந்தூரம் ஓடினால் கருப்பைக்குக் கெடுதல் என்று வெளிநாடுகளிலும் ஒரு காலத்தில் நம்பினார்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் 1984இல்தான் வந்தது. இன்று எத்தனையோ தாய்மார்கள் அதை ஓடுகிறார்கள்.

உங்கள் மற்ற கவலைகள் நியாயமானவை. பயிற்சி மாலை 4.30 முதல் 5.30 வரை மட்டுமே. ஆசிரியை ஒருவர் கடைசிப் பிள்ளை கிளம்பும் வரை உடன் இருப்பார். உடை மாற்றத் தனி அறையும், நாப்கினும் உண்டு. டிராக் பேண்ட் போட்டும் ஆடலாம்.

இணைத்துள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். தயக்கம் இருந்தால் நேரில் வாருங்கள், பேசுவோம்.

சென்ற ஆண்டு கபடி அணிக்குச் சேரவேண்டிய கோப்பையும் வந்துவிட்டது. திங்கள் காலை இறைவணக்கக் கூட்டத்தில் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளைகளின் அப்பா, அம்மா இருவரும் அவசியம் வரவேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்